இரண்டு சக்கரமும் இருபது வயதும்

தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கிவிட்டால் நம் நாட்டில் ஒரே பேச்சுத்தான். போலீசார் சாலையோரம் நிற்பர்; நிதானமாக ஓட்டுங்கள் என்று அறிவிப்புகள் வரும். விபத்து நடந்த மறுநாள், "இந்தக் காலத்துப் பையன்களே இப்படித்தான், சொன்னால் கேட்பதில்லை" என்று நம் பெரியவர்கள் தீர்ப்பெழுதி விடுவர். இத்தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 567,516 விபத்துகள் பதிவாயின. உயிரிழந்தோர் 6,167 பேர். அதாவது நூறு விபத்தில் ஏறக்குறைய தொண்ணூற்றொன்பது, தகரம் நசுங்கியதோடும் காயத்தோடும் முடிந்திருக்கின்றன. அந்த மிச்ச ஒன்றில் சிக்கியவர் யார் என்பதே கேள்வி. ஆண்டுதோறும் நம் சாலைகளில் மாண்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பதிவு பெற்ற வாகனங்களில் மோட்டார் சைக்கிள்கள் பாதிக்கும் சற்றுக் குறைவே. காருக்கு முன்னால் பம்பர் இருக்கிறது, இடைவார் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது. காப்சாய்க்கு ஓட்டுபவனின் முழங்கால்தான் பம்பர்!

இனி வயதைப் பார்ப்போம். மாண்ட மோட்டார் சைக்கிளோட்டிகளில் 16 முதல் 25 வயது வரையிலானோரே முன்னணியில் நிற்கின்றனர். இளங்கன்று பயமறியாது என்பது மெய்தான். மாட் ரெம்பிட் கூட்டத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் நம் சட்டப்படி மோட்டார் சைக்கிள் உரிமம் 16 வயதில் கிடைக்கும், கார் உரிமம் 17 வயதில்தான். ஆகக் குறைந்த அனுபவம் உள்ளவனுக்கு ஆகக் குறைந்த பாதுகாப்புள்ள வாகனம். உரிமம் கிடைத்தாலும் கார் வாங்கப் பணம் எங்கே? எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்சாலைக்குப் போகும் பையனும், பகலில் படித்து இரவில் உணவு விநியோகம் செய்யும் நம் வகுப்புத் தோழனும் விரும்பியா இரண்டு சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? வயது என்று நாம் எண்ணிக் கொண்டிருப்பதில் ஒரு பகுதி வருமானம்.

இதற்கு ஒரு சான்று உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அவ்வாண்டு சாலையில் மாண்டோர் எண்ணிக்கை 4,634 ஆகக் குறைந்தது. முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு! ஓராண்டுக்குள் நம் இளைஞர்கள் அனைவரும் ஞானிகளாகி விட்டார்களா என்ன? இல்லை. வண்டி ஓடிய தூரம் குறைந்தது, அவ்வளவுதான்.

இடத்தைப் பற்றியும் தவறான எண்ணம் ஒன்று நம்மிடையே நிலவுகிறது. மகன் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். பக்கத்துப் பட்டணத்துக்குப் பழைய சாலையில் போனால் "சரி, போய் வா" என்பார். பயம் தலைகீழாக இருக்க வேண்டும். கட்டணச் சாலையைவிடக் கூட்டரசு சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும்தான் அதிகமானோர் இறக்கின்றனர். நடுவில் தடுப்பு இல்லை. எதிரே லாரி வரும். சந்திக்குச் சந்தி வண்டிகள் திரும்பும். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் விளக்கும் இருக்காது. நான்கு சக்கரமோ அதற்கு மேலோ இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஜூன் மாதம் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், நள்ளிரவு தாண்டிய வேளையில் பேருந்து கவிழ்ந்து உப்சி மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். நம்மைப் போலவே விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியவர்கள். மலைப்பாதை, இருட்டு, பேருந்தின் வேகம் எல்லாம் அங்கே ஒன்று கூடின.

சாலையை மாற்றினால் சாவு குறையுமா? குறையும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று 1970களிலேயே தனித் தடம் போட்டார்கள். 1990களில் அதை நீட்டினார்கள். நீட்டிய பகுதியை ஆராய்ந்த பேராசிரியர் ராடின் உமாரும் குழுவினரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். அந்தத் தடத்தில் ஓட்டியவர்களும் இதே பையன்கள்தாம். இத்தகைய தடம் நாட்டில் இன்னும் பல இடங்களில் இல்லை என்பதுதான் வருத்தம்.

வாகனம் ஒன்றை நம்மால் மாற்ற முடியாதிருக்கலாம். ஓடும் தூரத்தையும் நேரத்தையும் குறைக்க முடியும். தீபாவளிக்கு ஊருக்குப் போக நம் மாணவர்கள் ஈப்போவுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் காப்சாயிலேயே கிளம்புவது புதிதல்ல. இரவு பத்து மணிக்கு மேல் விடுதிக்குப் பேருந்து இல்லாததால் நூலகத்துக்கும் மோட்டார் சைக்கிள், சாப்பாட்டுக்கும் மோட்டார் சைக்கிள். நம் பேரவை ஆண்டுதோறும் கலைவிழாவுக்கு மேடை, ஒலிபெருக்கி, விருந்து என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறது. அந்த உழைப்பில் ஒரு வாரத்தை ஒதுக்கி, தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகப் பகல் நேரப் பேருந்து இரண்டு அமர்த்தலாம். இரவுப் பேருந்து கேட்டு மாணவர் விவகாரப் பிரிவுக்கு மனுவும் கொடுக்கலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இவ்விரண்டையும் நான் முன்மொழியப் போகிறேன்; வழிமொழிய ஓர் ஆள் தேவை.