பாடம் பண்ணிய கன்று

பழைய தமிழ் சினிமாவில் ஜமீன்தார் பங்களா என்றால் மூன்று அயிட்டம் கட்டாயம் இருக்கும். வளைந்து இறங்கும் மாடிப்படி, சில்க் கவுன் போட்ட அப்பா, சுவரில் ஒரு புலித்தலை. மகள் ஏழை ஹீரோவைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் மாடிப்படியைத் தவிர மற்ற இருவரும் ஒரே மாதிரி முறைப்பார்கள்.

நிஜ மகாராஜாக்களுக்கு அப்படி முறைக்கும் புலிகளைச் செய்து கொடுத்த கம்பெனி மைசூரில் இருந்தது. பெயர் வான் இங்கென் அண்டு வான் இங்கென். 1900 வாக்கில் யூஜின் வான் இங்கென் ஆரம்பித்தார். பிறகு மகன்கள் நடத்தினார்கள். நாம் நினைக்கிற மாதிரி தோலுக்குள் பஞ்சைத் திணித்து மூட்டை கட்டுகிற வேலை இல்லை சார். தோலைப் பதனிட்டு, காகிதக் கூழை அச்சில் வார்த்துச் செய்த உடம்பின் மேல் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, உதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்ட வைப்பார்கள். சுடுவதற்கு ஒரு நொடி போதும். அந்த முறைப்புக்குத்தான் ரொம்ப நாள் பிடிக்கும்.

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் லாப நஷ்டம்தான் கண்ணில் படும். மூலப்பொருளை கஸ்டமரே சுட்டு, அவர் செலவில் அனுப்பி வைக்கிறார். நமக்குக் கூலி மட்டும். என்ன அருமையான பிசினஸ்! ஆயிரக்கணக்கில் புலியும் சிறுத்தையும் அந்தப் பட்டறைக்குள் போய் வந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூலப்பொருள் வரத்து நின்றது. 1999-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். மகன்களில் ஒருவரான ஜூபர்ட் 2013-ல் தன் 101-வது வயதில் காலமானார்.

கலை மட்டும் சாகவில்லை. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சந்தோஷ் கைக்வாட் அங்கே, தானாகச் செத்த சிங்கத்தையும் புலியையும் அசல் போல நிறுத்தினார். துப்பாக்கிக்கு வேலை இல்லை. பார்க்க வரும் பிள்ளைகளுக்குப் படிப்பு.

தமிழில் இந்த வேலைக்கு 'பாடம் பண்ணுவது' என்று பெயர். எனக்கு அந்தப் பாடம் நடந்தது கிணத்துக்கடவில், அம்மாயி வீட்டுக் கட்டுத்தரையில்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாயியின் காங்கயம் மாடு ஈன்ற கன்று பத்தே நாளில் செத்துப்போனது. நாட்டு மாடு லேசில் பால் விடாது. கன்றை மோந்து, நக்கினால்தான் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து மடி இறங்கும். அம்மாயிக்கு ஆக்ஸிடோசின் எல்லாம் தெரியாது. சொசைட்டிக்குப் பால் போகாவிட்டால் என் ஸ்கூல் பீஸ் போகாது என்பது மட்டும் தெரியும்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கன்றின் தோலை உரித்து, உப்புத் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கோணி ஊசியால் தைத்தார். காலுக்கு நாலு குச்சி. கண் கிடையாது. ஒரு காது கோணல். மைசூர்க்காரர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மாடு சிரிக்கவில்லை. மோந்து பார்த்தது. நக்க ஆரம்பித்தது. சொம்பில் சர் சர்ரென்று பால் இறங்கியது.

"பாவம் அம்மாயி, ஏமாத்தறமே!" என்றேன்.

"ஏமாத்தலீன்னா உன்ற பீஸை ஆரு கட்டுவாங்க கண்ணு? கன்னைக் கெட்டியாப் புடி" என்றாள்.

தினமும் இரண்டு வேளை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் டியூட்டி. ஒரு மாதம் போயிருக்கும். நக்கி நக்கி வயிற்றுப் பக்கம் தையல் விட்டுவிட்டது. வைக்கோல் வெளியே எட்டிப் பார்த்தது. மாடு அதையும் மோந்தது. அப்புறம் ஒரு வாய் பிடுங்கி மெல்ல ஆரம்பித்தது. கொஞ்சம் மென்றது, கொஞ்சம் நக்கியது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாயி சிரிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாட்டின் நெற்றியைத் தடவினாள். "மன்னிச்சுக்க ஆத்தா" என்றாள், மாட்டிடம். அன்று சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் போகவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கோணி ஊசியை எடுத்து அவளே தைத்து முடித்தாள். பீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது.

அப்புறம் கலப்பின மாடு வந்தது. கன்று பக்கத்தில் இல்லாவிட்டாலும், தீவனம் வைத்தால் கறந்துவிடலாம். வைக்கோல் கன்று பரணுக்குப் போய், எலி கடித்து, ஒருநாள் குப்பைக்குப் போனது.

அந்தப் பீஸில் ஆரம்பித்த படிப்பு பி.காம் வரை வந்தது. உப்பு, வைக்கோல், பெரியவரின் கூலி எல்லாவற்றையும் செலவில் எழுதிவிடுவேன். பால் காசை வரவில் எழுதுவேன். அந்த மாடு கண் இல்லாத கன்றை விடாமல் நக்கிக்கொண்டிருந்ததே, அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை.