கார் சர்வீஸ்: கடையிலா, கையாலா?

காலை நிகழ்ச்சியில் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன்: “உங்க காருக்கு மினியாக் ஈத்தாம் யாரு மாத்துறா? சர்வீஸ் சென்டரா, தாமான் போர்மேனா, இல்ல நீங்களேவா?” அரை மணி நேரத்துக்கு அழைப்பு நிற்கவில்லை. கிள்ளானில் இருந்து பேசிய அண்ணன் இருபது வருடமாகத் தானே செய்கிறாராம். “கடையில குடுத்தா காசையும் குடுத்துக் கவலையையும் வாங்கணும் தம்பி” என்றார். அடுத்து வந்த அக்கா, “என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு. செஞ்சு முடிச்சா நாலு ஸ்குரூ மிச்சம் இருக்கும்” என்றார். ஸ்டூடியோவே சிரித்தது. நான் கொஞ்சம் அடக்கித்தான் சிரித்தேன்.

சென்ற தீபாவளிக்கு முன் என் காரை சர்வீஸுக்கு விட்டபோது பில் 486 ரிங்கிட் வந்தது. எண்ணெய், ஃபில்டர், கூலி மூன்றும் சேர்ந்து 230-தான். மிச்சம் எல்லாம் இன்ஜின் கழுவும் மருந்து, இன்ஜெக்டர் துப்புரவு, ஏர்கான் வாசனை. கவுன்டரில் இருந்த தம்பி மடமடவென்று சொல்ல, காலை நான்கு மணிக்கு எழுந்தவன் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். தலையாட்டியது நான்தான்.

‘அடுத்த தடவை நாமே செய்வோம்’ என்று சபதம் எடுத்தேன். எனக்கு ஆசானும் உண்டு. அப்பா தெலுக் இந்தானில் செம்பனை ஆலை லாரி ஓட்டியவர். சொந்த காரை அவர் ஒருநாளும் பட்டறைக்கு விட்டதில்லை. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினார் என்று 555 நோட்டில் எழுதி வைப்பார். எங்கள் வீட்டில் என் ரிப்போர்ட் கார்டு தொலைந்திருக்கிறது. அந்த 555 நோட்டு தொலைந்ததே இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது வேலையை ஆரம்பித்தோம். அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடங்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், நான் காருக்கு அடியில். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு கட்டை வைத்து, பழைய எண்ணெயை இறக்கி, ஃபில்டரைக் கழற்றி, புதியதைக் கையாலேயே முறுக்கினேன்.

“பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் வந்துச்சா பாரு” என்றார் அப்பா.

“வந்துச்சுப்பா.”

நான் பார்க்கவில்லை. வந்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் மனைவி, நான்கு வயது மகளோடு கிளம்பினோம். பீடோரில் நெடுஞ்சாலை ஏறி, சிலிம் ரிவர் தாண்டியதும் கருகல் வாசனை. அடுத்த நிமிடம் எண்ணெய்க் குடம் மாதிரி இருக்குமே, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த விளக்கு எரிந்தால் ‘அடுத்த எக்ஸிட் வரைக்கும் போயிடலாம்’ என்ற கணக்கே வேண்டாம். எண்ணெய் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். சில நிமிடங்களில் இன்ஜின் உள்ளேயே உராய்ந்து நாசமாகிவிடும். ஓரம் கட்டி உடனே அணைத்தேன். மழைத் தூறலில் மனைவியையும் பிள்ளையையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். பெரிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் நின்றிருந்த கார் ஆடியது. பிளஸ் ரோந்து வண்டி வந்து கூம்பு வைக்கும்வரை என் கை மகளின் சட்டையை விடவில்லை.

தஞ்சோங் மாலிம் பட்டறையில் மலாய் போர்மேன் ஃபில்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். கறுப்பாக ஒரு ரப்பர் வளையம், அதற்கு மேல் இன்னொன்று. இரண்டையும் என் முன்னால் ஆட்டிக் காட்டி, “டுவா, பாங்” என்றார். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறேன். சாலையில் வேகமெடுத்ததும் பிதுங்கி, எண்ணெய் பீய்ச்சியடித்துவிட்டது.

உடனே அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால்? என் காருக்கு உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. பெரோடுவாவும் புரோட்டோனும் பெரும்பாலான புதிய கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. ஆனால் உத்தரவாதப் புத்தகத்தைப் படித்தால், குறித்த காலத்தில் அங்கீகாரம் பெற்ற மையத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். ஐம்பது, நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரம் ரிங்கிட் இன்ஜினை என் தலையில் நானே கட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

அதனால் உத்தரவாதம் முடியும்வரை நான் சர்வீஸ் சென்டர்தான். ஆனால் இப்போது தலையாட்டுவதில்லை. கையேட்டில் இந்தக் கிலோமீட்டருக்கு இன்னின்னது என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். “இதுல உள்ளது மட்டும் போதும் தம்பி, வேற ஏதாவது கெட்டிருந்தா போன் பண்ணுங்க” என்பேன். மாற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்வேன். கடைசி பில் 250-ஐத் தாண்டவில்லை.

உத்தரவாதம் முடிந்த பிறகு நம்பிக்கையான தாமான் போர்மேன் கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நிறுவனத்தை முழுசாக மறக்க முடியாது. டக்காட்டா காற்றுப்பை விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? வெயிலும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கெடுத்து, உயிர் காக்க வேண்டிய பை இரும்புத் துண்டுகளைச் சிதறடித்தது. நம் நாட்டிலும் உயிர்கள் போயின. அதை மாற்றித் தருவது இலவசம். ஆனால் எந்தத் தாமான் போர்மேனும் செய்ய முடியாது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் கடிதம் பழைய முதலாளி வீட்டுக்குத்தான் போகும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து நீங்களே ஒருமுறை விசாரியுங்கள்.

கையால் செய்ய ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஏர்கான் ஃபில்டர் பெரும்பாலான சிறிய கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான். ஐந்து நிமிட வேலை. வைப்பர் ரப்பர், டயர் காற்று, எண்ணெய் அளவுக்குச்சி எல்லாம் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இதைச் சொல்லிக் கொடுத்ததில் இருந்து என் மகள் கார் நிறுத்துமிடத்தில் எல்லார் டயருக்கும் வயது கேட்கிறாள். பிரேக்கை மட்டும் நான் தொடமாட்டேன். அப்பா முப்பது வருடம் தொட்டார். அவர் கை வேறு.

எண்ணெயும் மாற்றுவேன் என்கிறவர்களுக்கு: பழையதை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். தோட்டத்தில் அந்தக் காலத்தில் கறையான் வராமல் இருக்க மரத்தூணில் பூசுவார்கள். இன்று அது சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்று எண்ணிட்ட அபாயக் கழிவு. புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அன்று இரவு வீடு வந்ததும் அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நான் குனிஞ்சு பார்த்திருக்கணும்” என்றார். “நீங்க கேட்டீங்கப்பா, நான்தான் பாக்காமலே வந்துச்சுன்னு சொன்னேன்” என்றேன். “இல்ல, நான் பார்த்திருக்கணும். இனிமே கடையிலயே குடு” என்று போனை வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் காரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இன்ஜின் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

போன வாரம் சர்வீஸ் சென்டரில் காத்திருந்தபோது நானே அழைத்தேன். “அப்பா, அவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்றாங்க. என்னென்ன கேக்கணும்?”

“ஃபில்டர் கழட்டுனதும் வளையத்தக் காட்டச் சொல்லு.”

காட்டச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து போன் வந்தது.

“கிலோமீட்டர் எத்தனை?”

“எதுக்குப்பா?”

“555 நோட்டுல உன் காடிக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கேன். சொல்லு.”