முதலில் கார்டைக் கழற்றுங்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டிச்சத்திரம், திருப்புட்குழி, தாமல் என்று ஊர்கள் சாலையை ஒட்டியே வருகின்றன. 2023 செப்டம்பர் 17 அன்று தாமல் அருகே யூடியூபர் டி.டி.எஃப். வாசன் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று பைக்கோடு விழுந்தார் என்பது வழக்கு. காட்சி அன்றே இணையத்தில் பரவியது. பாலுசெட்டிச்சத்திரம் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். ஜாமீனை மறுத்த உயர் நீதிமன்றம், அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று சொல்லும் அளவுக்குக் கடிந்துகொண்டது. ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் 5 வரை பத்தாண்டுகளுக்குப் பறிபோனது.

அதிலிருந்து இந்தப் பக்கத்தில் பைக்கில் கேமரா என்றாலே சாகசக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது. காவல் நிலையத்தில் மட்டுமல்ல, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்வியிலும் அந்தத் தொனி இருக்கிறது: "வீடியோ எடுக்கத்தானே ஓட்டினீர்கள்?" இதை மறுத்தாக வேண்டும். இதே சாலையைத் தினமும் கடப்பவர்களில் பெரும்பாலோர் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பால் கேனோடு வருகிறவர்கள், நெசவுக் கூலி வாங்கித் திரும்புகிறவர்கள். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் முன்–பின் கேமரா அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

சீதையைக் கவர்ந்தவன் யார், எந்தத் திசையில் போனான் என்று சொல்லி உயிர்விட்ட ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் திருப்புட்குழி என்பது தலபுராணம். மரண வாக்குமூலத்துக்கு இதைவிடப் பழைய உதாரணம் நமக்குக் கிடைக்காது. ஆனால் விபத்து வழக்குகளில் நம் கட்சிக்காரர்கள் பலருக்கு அப்படிப் பேச ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வழக்கமான வரியோடு எஃப்ஐஆர் பதிவாகிறது. பதில் மனுவில் "மனுதாரர் திடீரெனக் குறுக்கே வந்தார்" என்கிறது காப்பீட்டு நிறுவனம். சாட்சியாக வருபவர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர். இந்த நிலையில், மனுதாரரின் பங்கு அலட்சியம் என்று ஒரு சதவீதத்தைக் கழிப்பது தீர்ப்பாயத்துக்கு எளிதாகிவிடுகிறது.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியென்றால் கணக்கு இன்னும் கொடுமையானது. வண்டி எது என்று தெரியாவிட்டால் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். அத்தோடு சரி. எண் தெரிந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ் வயது, வருமானம், சார்ந்திருப்போர் எல்லாம் பார்த்து முழு இழப்பீடு கேட்கலாம். பின்பக்க கேமராவின் ஒரு ஃப்ரேமில் நம்பர் பிளேட் தெளிவாக விழுவதன் விலை இதுதான். சாதாரண கேமராவில் பகலில், கிட்டத்தில் மட்டுமே அது படிக்கக் கிடைக்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பிளேட்டை வெளுத்துவிடும்.

இவ்வளவு மதிப்புள்ள காட்சி பெரும்பாலும் சாலையில் தொலைவதில்லை. விபத்துக்குப் பிந்தைய நாட்களில், நம் கண்ணெதிரே அழிகிறது. எப்படி என்று பார்ப்போம். பேட்டரியோடு இணைத்த கேமரா, சாவியைத் திருப்பியதும் தானே ஓடத் தொடங்கும். மெமரி கார்டு நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதும். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டியை யாரோ ஸ்டார்ட் செய்து நகர்த்துகிறார். பிரேக் பார்க்க மோட்டார் வாகன ஆய்வாளர் (எம்.வி.ஐ.) சாவியைப் போடுகிறார். வண்டியை மீட்டபின் மெக்கானிக் அரை நாள் இன்ஜினை ஓடவிடுகிறார். ஜி-சென்சார் அதிர்ச்சியை உணர்ந்து அந்தக் கோப்பைப் பூட்டியிருந்தால் தப்பும். இல்லையென்றால் காவல் நிலையச் சுவரும் மெக்கானிக்கின் செருப்பும்தான் கார்டில் மிஞ்சும். எனவே எம்.வி.ஐ. ஆய்வுக்கு முன்பே கார்டு வெளியே வந்துவிட வேண்டும். அதுவும் மகஜர் எழுதி, சாட்சிகள் முன்னிலையில். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 105-ஆவது பிரிவு கைப்பற்றுதலை ஒலி–ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. கார்டைக் கழற்றும் காட்சியும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது, மோதலில் மின் இணைப்பு அறுந்துபோன கேமரா. எம்பி4 கோப்பின் அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. இடையில் மின்சாரம் போனால், நமக்கு வேண்டிய அந்தக் கடைசிக் கோப்புதான் திறக்காது. போனில் கார்டைப் போட்டதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்தும் விரல் பெரும்பாலும் துக்க வீட்டில் உதவிக்கு வந்த உறவுக்காரப் பையனுடையது. திறக்காத கோப்பு அழிந்த கோப்பு அல்ல. அதே கேமராவில் எடுத்த வேறொரு நல்ல கோப்பை மாதிரியாக வைத்துப் பல நேரம் மீட்டுவிடலாம். கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருந்தால் போதும்.

கடிகாரம் மூன்றாவது. உள்பேட்டரி செத்த கேமரா ஆலையில் வைத்த தேதிக்குப் போய்விடும். 2024 விபத்தின் காட்சியில் 2019 என்று ஓடினால் குறுக்கு விசாரணையில் அதுவே போதும். கார்டை எடுத்த உடனே கேமராவைத் தனியாக உயிர்ப்பித்து, அதன் திரையில் ஓடும் நேரத்தையும் பக்கத்தில் போனில் ஓடும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று மகஜரிலேயே எழுதுங்கள்.

காட்சியிலிருந்து வேகம் கணக்கிடுவதில் நம் துறையினர் காட்டும் துணிச்சல் கவலை தருகிறது. வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் பதிவில், சாலைக் கோடுகளை வைத்து 9 மீட்டரை ஒரு வண்டி 15 ஃப்ரேமில் கடந்தது என்றால் மணிக்கு 64.8 கி.மீ. எண்ணுவதில் ஒரு ஃப்ரேம் முன்பின் ஆனால் அது 61 ஆகவும் இருக்கலாம், 69 ஆகவும் இருக்கலாம். அதே வண்டியை 45 மீட்டர் தூரத்துக்கு 75 ஃப்ரேம் எண்ணினால் பிழை 64-க்கும் 66-க்கும் இடையில் அடங்கிவிடும். கோட்டின் நீளத்தை நேரில் போய் டேப் பிடித்து அளக்க வேண்டும். இந்த நெடுஞ்சாலையில் ஆறுவழிப் பணிக்காகக் கோடுகள் அழிந்தும் மாற்றிப் போடப்பட்டும் இருக்கும் இடங்களில் புத்தக அளவு உதவாது. போனில் எடுத்த காட்சி என்றால் ஃப்ரேம் வேகமே நிலையாக இருக்காது. அகலக் கோண லென்ஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஒற்றை எண்ணைத் தசமப் புள்ளியோடு அறிக்கையில் எழுதுகிறவர் கூண்டில் வியர்க்கத் தயாராக வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் நிலைமை முன்பைவிட நல்லது. அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், பதிவு இருக்கும் மூலச் சாதனத்தை அதன் உரிமையாளரே கூண்டில் ஏறி ஒப்படைத்தால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று வேண்டியதில்லை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 57-ஆவது பிரிவு, முறையான பொறுப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவை, மறுக்கப்படாதவரை, முதன்மைச் சான்றாகவே ஏற்கிறது. நகல் என்றால் 63-ஆவது பிரிவின்படி இரு பகுதிச் சான்று: ஒன்று சாதனத்துக்குப் பொறுப்பானவர் தருவது, மற்றது நிபுணர் தருவது, இரண்டிலும் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு. தீர்ப்பாயம் சுருக்க முறையில் விசாரிக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மேல்முறையீட்டில் அந்தச் சலுகையை நம்பி நிற்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த துண்டின் ஹாஷ் மூலக் கோப்பின் ஹாஷோடு பொருந்தாது. அனுப்பும்போதே கோப்பு சுருங்கி வேறொன்றாகிவிடுகிறது.

கார்டைக் கொடுத்தால் முழுக் கார்டையும் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மோதலுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் அவர் எதிர்த்திசையில் வந்திருந்தால் அதுவும் அதில் இருக்கும். வெட்டி ஒட்டிய காட்சி பிடிபட்டால் மீதி வழக்கும் அதோடு போகும்.

கேமராவை எங்கே பொருத்துவது என்பதில் சந்தேகம் வேண்டாம்: வண்டியில். 2022-இல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட் கேமராக்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது இளைஞர்கள் கோபப்பட்டார்கள். துறை சொன்னதில் நியாயம் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரைக்கான சோதனை கேமரா ஒட்டிய ஹெல்மெட்டுக்கு நடப்பதில்லை. ஹேண்டில்பாரும் அவ்வளவு உசிதமில்லை, வளைவில் காட்சி கூடவே திரும்பும். சேஸிஸோடு சேர்ந்த இடமே நல்லது.

ஓட்டியவரே இறந்துவிட்டால், முன்னே சொன்ன 63-ஆவது பிரிவுச் சான்றின் முதல் பகுதியில் யார் கையெழுத்திடுவது? சாதனத்தை ஒருநாளும் தொட்டிராத மனைவியா, கார்டைக் கைப்பற்றிய எஸ்.ஐ.யா? இருவரும் தனித்தனியே, தாம் அறிந்த அளவுக்கு மட்டும் எழுதித் தருவதே இப்போதைக்குப் பத்திரம் என்பது நம் கருத்து. கூடவே கார்டைத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பக் கோரி முதல் வாய்தாவிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.