முதல் பட்டதாரியும் நமது சங்கமும்

கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நம் நெசவாளர் தெருக்களிலும் சிற்றூர்களிலும் ஒரு புதிய பெருமிதத்தைக் காண்கிறோம். தறிக்குழியன்றி வேறோர் இடம் அறியாத தந்தையின் மகள் பொறியியல் கல்லூரிக்குச் செல்கிறாள். கைநாட்டு வைத்துக் கடன் பெற்ற பாட்டனின் பேரன் வேளாண்மைக் கல்லூரியில் இடம் பெறுகிறான். கண்டு மகிழாதார் யார்? ஆயினும், முதல் பருவத் தேர்வு முடிந்து ஊர் வந்த பிள்ளை, விடுமுறை கழிந்த பின்னும் திரும்பாமல் வீட்டோடு தங்கிவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூற இயலாது. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர், கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2010-11-ஆம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இவை வாயிலைத் திறந்துவிட்டன. ஆனால் உள்ளே சென்ற பிள்ளைக்கு, "இது உன் இடந்தான்" என்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

நாம் அறிந்த ஒரு நெசவாளர் மகன் முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தவறினான். பள்ளியில் தவறினால் ஓராண்டு போயிற்று என்றே அவன் கேட்டு வளர்ந்தவன். கல்லூரியிலும் அவ்வாறே என எண்ணிவிட்டான். தந்தைக்கோ என்ன கேட்பதென்றே தெரியவில்லை. தவறிய பாடத்தை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம், படிப்பு நின்றுவிடாது என்பதை ஒருவர் அவனுக்குச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. இன்று அவன் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எந்த உழைப்பும் இழிவன்று. ஆயினும், ஒரு சொல் சொல்வார் இன்மையால் ஒரு படிப்பு நின்றதே என்பதுதான் நம் மனத்தை வருத்துகிறது.

இத்தகைய பிள்ளைகளுக்குத் தனிமை இருபுறத்தும் உண்டு. விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது. புரியவில்லை என்று கேட்க நாணுகிறார்கள். தந்தையின் தொழிலை விடுதியில் மறைக்கிறார்கள். வீட்டிற்கு வந்தாலோ, அப்பா நெய்து அனுப்பும் பணத்தில் உண்கிறோமே என்ற எண்ணத்தால் தம் துயரைச் சொல்லவும் கூசுகிறார்கள்.

நெசவாளர்க்கு இது விளங்காததன்று. பழைய பாவின் நுனி அச்சில் இருக்குமானால் புதுப்பாவை இழைக்கு இழை பிணைத்துவிடலாம். அந்த நுனி இல்லாத தறியிலோ ஒவ்வோர் இழையையும் விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோக்க வேண்டும். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நுனி வீட்டிலேயே உண்டு. நம் பிள்ளைக்கு அதனைத் தருவது யார்? சங்கம்தான் என்போம்.

"நூல் கொடுப்பதும் கடன் கொடுப்பதுமே சங்கத்தின் வேலை, படிப்பு விஷயத்தில் அதற்கென்ன?" என்று சில அங்கத்தினர் வினவக்கூடும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த 28 தொழிலாளருள் நெசவாளர் பலர். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்ற அச்சங்கம் பின்னர்த் தன் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி நூலகமும் படிப்பறையும் நடத்திற்று. ஆகவே நாம் கேட்பது புதுமையன்று. நம் இயக்கத்தின் பழைய வழக்கமே.

செய்ய வேண்டுவன சிலவே. ஒவ்வொரு சங்கமும் கல்லூரியில் பயிலும் தன் அங்கத்தினர் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கட்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும் மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்தட்டும். ஆண்டுக்கு ஒரு முறை பெற்றோரை அழைத்து, பருவத் தேர்வு, உபகாரச் சம்பளம், விடுதி ஆகியவை பற்றி விளக்கட்டும். உபகாரச் சம்பளம் வந்து சேரும்வரை விடுதிக் கட்டணத்திற்குச் சிறு கைமாற்று அளிக்க, துணைவிதிகளுக்கு உட்பட்டு வழி காணட்டும்.

நட்ட பயிர் பச்சை பிடிக்கும்வரை உழவர் வயலை மறந்து வீட்டில் இருப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் கல்லூரியின் முதல் ஆண்டு. வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து முடிவு காணுமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம். தனியே நிற்க இயலாதவர் சேர்ந்து நிற்பதற்கே நாம் சங்கம் கண்டோம். நம் பிள்ளைகளை மட்டும் தனியே நிற்க விடலாமா?