மடிக்குத் தெரியாத சட்டம்

பாக் விரிகுடாவின் கடற்புல்வெளிகளில் வாழும் கடற்குதிரை இனங்களுள் ஒன்றுக்கு 1852இல் ப்ளீக்கர் என்னும் டச்சு அறிஞர் இட்ட பெயர் 'ஹிப்போகேம்பஸ் குடா'. மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. நம் 'குதிரை'யே கடல் கடந்து அப்படி ஆயிற்று என்பாரும் உண்டு. பெயரில்தான் பாய்ச்சல். மீன்களுள் இத்தனை மெதுவாக நீந்துவது அரிது. முதுகுத் துடுப்பை அதிரவிட்டு மெல்ல நகரும். நீரோட்டம் மிகுந்தால் ஒரு புல்லிதழை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பெண் தரும் முட்டைகளைத் தன் பையில் சுமந்து குஞ்சு ஈனுவது ஆண்.

சங்குக்கும் கடல் அட்டைக்கும் மூழ்கியவர்கள் ஒரு காலத்தில் இதையும் கையால் எடுத்து வந்தார்கள். உலர்த்தியவை சீன மருத்துவத்துக்காகச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போயின. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்குதிரை சேர்க்கப்பட்டது. புலிக்கு உள்ள காப்பு இதற்கும் வந்தது, ஏட்டளவில்.

இந்தத் தடை தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. அது தவறான கையைப் பிடிக்கிறது என்பதே நம் குறை. மூழ்கி எடுப்பவனுக்குக் கண் உண்டு. வேண்டாம் என்றால் விட்டுவிட முடியும். இறாலுக்காகக் கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிக்கு அட்டவணை ஏது? மடியில் ஏறும் கடற்குதிரைகளில் பல பிழைப்பதில்லை. செத்ததைக் கடலில் எறிந்தால் சட்டம் நிறைவேறிவிடுகிறது. கைச்செலவுக்கு ஆகுமென்று உலர்த்தி வைத்த தொழிலாளி குற்றவாளியாகிறான். அதே மடி புல்லையும் அறுத்துச் செல்வதால், தப்பியதற்கும் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. தடைக்குப் பிறகும் இந்தியாவில் ஆண்டுதோறும் பல லட்சம் கடற்குதிரைகள் பிடிபடுகின்றன என்றும், அதில் தமிழகமே முதலிடம் என்றும் 2021இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. நமக்கு அது வியப்பளிக்கவில்லை.

விசைப்படகுக்காரரை மட்டும் வைவதும் நேர்மையன்று. இழுவைமடியை ஊக்குவித்து மானியம் தந்து வளர்த்தது அரசே. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017இல் தொடங்கிய திட்டம் தன் இலக்கை எட்டவில்லை. கடன் சுமையோடு ஆழ்கடலுக்குப் போ என்றால் யார் போவார்? மாற்றுத் தொழிலுக்கு உண்மையாகவே பணம் ஒதுக்குவதும், புல்வெளிகளின் மேல் மடி இழுக்கப்படாமல் காப்பதும் அட்டவணையைவிட முந்தியவை என்போம். 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேய்வதும் அதே புல்தான்.