உல்லாசக் கப்பலில் வயிற்றுநோய்

பொருள் கொடுத்து நாட்களை வாங்குதல் இக்காலப் புதுமைகளுள் ஒன்று. பண்டை மாந்தர் கடலேறியது பொருளீட்டற்கு. இக்காலத்துச் செல்வரும், செல்வரல்லாத நடுத்தர வகுப்பினரும் கடலேறுவது ஈட்டிய பொருளைச் செலவிடற்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துறைமுகங்களினின்று கரீபியன் கடலை நோக்கி ஆண்டு முழுதும் புறப்படும் உல்லாசக் கப்பல்களை மிதக்கும் ஊர்கள் என்றே கூறலாம். உண்டிச்சாலைகளும் நாடக அரங்கும் நீந்துகுளங்களும் அவற்றினுள் உண்டு. பல மாதம் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பத்து நாட்களுக்காக முன்னரே செலுத்திவிட்டு ஒரு குடும்பம் அதனுள் ஏறுகின்றது. இரண்டாம் நாள் இரவு அக்குடும்பத் தலைவனுக்கு வயிறு குமட்டுகின்றது. அவன் என் செய்வான்? கப்பல் மருத்துவனிடம் சென்று உண்மையை உரைப்பானா, அன்றி வாயைத் துடைத்துக்கொண்டு மறுநாட் காலை எல்லாருடனும் பந்திக்குச் செல்வானா? கப்பலில் உள்ள ஆயிரக்கணக்கானோரின் நலம் இவ்வொரு வினாவின் விடையிலே தங்கியிருக்கின்றது.

அவனைத் தாக்கியது பெரும்பாலும் நோரோ என்னும் வைரசே. அஃது உட்புகுந்த 12 முதல் 48 மணி நேரத்திற்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். 1 முதல் 3 நாட்களுள் பெரும்பாலோர் நலமடைவர். உடல் வலியோர்க்கு இஃது ஒரு துன்பமேயன்றி ஆபத்தன்று. முதியோர்க்கும் குழவிகட்குமோ உடல் நீர் வற்றுதலால் பெருந்தீங்கு விளையக்கூடும். உல்லாசக் கப்பல்களில் முதியோர் மிகப் பலர் என்பதை மறத்தலாகாது. கண்ணுக்குப் புலனாகாத இக்கிருமித் துகள்களிற் சிலவே ஒருவனை நோயாளியாக்கப் போதும். நோயுற்றவன் தொட்ட கதவுப்பிடி, படிக்கட்டின் கைப்பிடி, மின்தூக்கியின் பொத்தான், எல்லாரும் மாறி மாறி எடுத்துப் பரிமாறிக்கொள்ளும் கரண்டி ஆகிய யாவும் அதற்குப் பாதைகள். உண்டிச்சாலை வாயிலில் நின்று ஊழியர் பயணிகளின் கையிற் சொட்டாக விடும் நீர்மம் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்தது. இக்கிருமி அதற்கு எளிதில் அடங்குவதன்று. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கையைத் தேய்த்துக் கழுவுவதே தக்க காவல். தளங்களைத் துடைத்தற்குக் குளோரின் வேண்டும். இன்னும் ஒன்று. நோய் நீங்கியவன் உடலினின்று இரண்டு வாரமும் அதற்கு மேலும் இக்கிருமி வெளிப்படுதல் உண்டு. தான் நலமடைந்துவிட்டதாக மகிழ்ந்து நடமாடுவோனும் முழுதும் தீங்கற்றவன் அல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

2014ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் நியூசெர்சி நாட்டின் கேப் லிபர்ட்டித் துறையினின்று ‘எக்ஸ்ப்ளோரர் ஆப் தி சீஸ்’ என்னும் கப்பல் பத்து நாட் பயணமாகக் கரீபியன் தீவுகளை நோக்கிச் சென்றது. அதிலிருந்த பயணிகள் 3,071 பேர். அவருள் 634 பேர் அப்பயணத்தில் நோயுற்றனர். ஐவருக்கு ஒருவர் என்னும் கணக்கு இது. ஊழியர் 1,166 பேருள் நோயுற்றதாகச் சொன்னவர் 55 பேர். நடுவழியில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் கப்பலேறி ஆராய்ந்தனர். ஐத்தி நாட்டு லபாடி என்னும் கடற்கரையிற் பயணிகள் இறங்குவதாயிருந்தது, அது கைவிடப்பட்டது. குறித்த நாளுக்கு முன்பே, 29ஆம் நாள், கப்பல் புறப்பட்ட துறைக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

இத்தகைய கப்பலில் உல்லாசம் என்னும் சொல் எப்பொருள் தரும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். நோயுற்றவனை அவனது அறையிலேயே இருக்கச் சொல்கின்றனர். பலர் வாங்கியிருப்பது விலை குறைந்த உள்ளறை. அதற்குச் சாளரம் இல்லை. கடலைக் காண வந்தவன் நான்கு சுவரைக் காண்கின்றான். கதவருகே ஒரு தட்டில் ரொட்டியும் தெளிந்த சாறும் வைத்துச் செல்கின்றனர். நலமுடையார் நிலையும் பெரிதும் மேலன்று. நேற்றுவரை தாமே எடுத்துண்ட பண்டங்களை இன்று கையுறை அணிந்த ஊழியர் அளந்து வைக்கின்றனர். எங்கும் குளோரின் மணம். ஒருவர் இருமினால் நால்வர் எழுந்து விலகுகின்றனர். கைகுலுக்குதல் நின்றுபோகின்றது. காணவேண்டிய தீவு ஒன்று அட்டவணையினின்று மறைகின்றது. அறையில் அடைபட்ட கணவனுக்குத் துணையிருப்பதா, குழந்தைகளைக் கரைக்கு அழைத்துச் செல்வதா என்று மனைவி கலங்குகின்றாள். விளம்பரத் தாளிலே இவற்றுக்குப் படம் இல்லை.

இவற்றைக் கேட்டவுடன், "கப்பல்கள் அழுக்குக் கூடங்கள், அவற்றிற் செல்வதே மதியீனம்" என்று முடிவு கட்டுவார் பலர். யான் அதற்கு உடன்படேன். இந்நோயின் பெயர் வரலாறே அவர்க்கு விடையாகும். அமெரிக்காவின் ஒகையோ நாட்டிலே நார்வாக் என்பது ஒரு சிற்றூர். 1968ஆம் ஆண்டு அவ்வூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் மாணவரும் ஆசிரியருமாகப் பலர் வாந்தியால் வருந்தினர். அங்கே திரட்டி வைத்த பொருளை ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டு ஆல்பர்ட் கபிக்கியன் என்னும் அறிஞர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் இக்கிருமியை முதன்முதற் கண்டார். ஊரின் பெயரே கிருமிக்கு வழங்கலாயிற்று. பின்னர்ச் சுருங்கி நோரோ ஆயிற்று. நார்வாக் மக்கள் பிற ஊராரினும் தூய்மை குறைந்தவரோ? அல்லர். தம் நோயை மறையாது ஆராய இடங்கொடுத்ததே அவர் செய்தது; அதற்கு ஈடாகக் கிடைத்தது உலகமெங்கும் வாந்தியோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். உண்மையை வெளியிட்டவர்க்கு உலகம் அளிக்கும் கூலி பலகாலும் இதுவே போலும்.

கப்பல்களின் நிலையும் அத்தகையதே. அமெரிக்காவில் 1970களிலே தொடங்கப்பெற்ற கப்பற் சுகாதாரத் திட்டத்தின்படி, வெளிநாட்டுத் துறை தொட்டு அமெரிக்கத் துறைக்கு வரும் பயணிக் கப்பல், தன்னுள் எத்துணைப் பேர் வயிற்றுநோய் உற்றனர் என்று வருமுன்னரே கணக்கு அனுப்ப வேண்டும். ஒருவரும் இல்லையெனின் இல்லையென்றே எழுதி அனுப்ப வேண்டும். நோயுற்றார் தொகை நூற்றுக்கு மூன்றைத் தொடுமாயின் கப்பலின் பெயரோடு அதனை ஊரறிய வெளியிடுவர். எந்தத் திருமணக் கூடம் இவ்வாறு கணக்கு எழுதுகின்றது? எந்த விடுதி வாயிலில் நூற்றுக்கு இத்துணைப் பேர் என்று எழுதி ஒட்டியிருக்கின்றனர்? அமெரிக்காவிற் பதிவாகும் நோரோ நோய்ப் பரவல்களுள் கப்பல்களில் நிகழ்வன நூற்றுக்கு ஒன்றளவே என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையமே கூறுகின்றது. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பள்ளியிலும் நிகழ்வன மிகப் பல. நமக்கு அணித்தாகவும் ஒன்று கூறலாம். 2021ஆம் ஆண்டு நவம்பரில் கேரள நாட்டு வயநாட்டிலே ஒரு கல்லூரி மாணவர் பதின்மூவர்க்கு இந்நோய் கண்டது. விடுதியில் வாழும் நாமும் ஒருவாறு கப்பலில் இருப்பவர்தாம். ஒரே அடுக்களை, ஒரே நீர்த்தொட்டி, ஒரே கதவுப்பிடி. நாம் நங்கூரம் பாய்ச்சியிருக்கின்றோம், அவ்வளவே வேறுபாடு.

ஆதலின் கப்பல்களைக் குறை கூறவேண்டுமாயின் அழுக்கைச் சொல்லிக் குறை கூறற்க. யான் காணும் குறை வேறு. கணக்கு என்பது நோயுற்றவன் வாய் திறந்தால் அன்றோ உண்டாகும்? அவன் வாய் திறவாதிருக்கும்படி எல்லா ஏற்பாடும் அங்கே செய்யப்பட்டிருக்கின்றது.

கப்பலேறும் நாளிலே பயணியிடம் ஒரு தாள் கொடுத்து, "சின்னாட்களுக்குள் உனக்கு வாந்தியேனும் பேதியேனும் உண்டாயிற்றா?" என்று வினவுதல் வழக்கம். ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவ ஆராய்ச்சி. பயணமே மறுக்கப்படவும் கூடும். ‘இல்லை’ என்று எழுதினால் வாயில் திறக்கும். பெட்டி படுக்கையோடு, பிள்ளைகளோடு, திருப்பித் தரப்படாத பணத்தோடு நிற்பவன் கையில் எழுதுகோலைக் கொடுத்து இவ்வினாவை வினவுதல், விடையையும் தாமே சொல்லிக்கொடுத்து வினவுதல் போல்வதன்றோ? கப்பலுக்குள் சென்ற பின்னும் இதே நிலைதான். நோயை அறிவித்தவன் பெறுவது, நோய்க்குறி நீங்கி ஒரு நாளேனும் கழியும்வரை அறைச்சிறை. அறிவியாதவன் பெறுவது, சிறிது வயிற்றுவலியோடு கூடிய கடற்காற்று. மருத்துவரைக் காணவும் கப்பல்களிற் கட்டணம் உண்டு. இந்நோய்க்கு மட்டும் அக்கட்டணத்தைத் தள்ளிவிடும் கம்பெனிகளும் உள. அவை செய்வது நன்று. ஆயினும் கட்டணம் தள்ளுவதோடு நின்றால் மெய்கூறியவனது இழப்பில் காற்பங்குகூடத் தீராது.

ஊழியர் நிலை இதனினும் எண்ணத்தக்கது. உணவைக் கையாளும் ஊழியன் நோயுற்றால், நோய்க்குறி நீங்கிய பின்னும் 48 மணி நேரம் வேலைக்கு வரலாகாது என்பது மேற்கூறிய திட்டத்தின் விதி. நல்ல விதியே. ஆனால் பிலிப்பைன், இந்தோனேசியா, நம் இந்தியா முதலிய நாடுகளினின்று சென்று, மாதக்கணக்கில் வீடு காணாமல், வீட்டிற்குப் பணம் அனுப்புதற்கென்றே உழைப்பவன் அவன். பரிசில் தொகையை நம்பியிருக்கும் பணியாளனுக்கு வேலையில்லாத நாள் வருவாயில்லாத நாளாகவும் முடியலாம். அடுத்த முறை ஒப்பந்தம் கிடைக்குமோ என்னும் அச்சம் வேறு. 634க்கு எதிரே 55 என்று மேலே கண்டோம். ஊழியர் கைகழுவும் பழக்கத்திற் சிறந்தவராயிருத்தலும், தனியிடத்தில் உண்ணுதலும் அவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். சொல்லாமற் பொறுத்துக்கொண்டவரும் அவருட் சிலர் இருந்திருக்கலாம் என்று ஐயுறுதல் பிழையாகாது. பயணி நோயை மறைப்பது இன்பம் கெடாமைக்கு. ஊழியன் மறைப்பது சோறு கெடாமைக்கு. இருவரையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று.

கப்பலில் நோயாளியைத் தடுத்து வைத்தல் புதிதன்று. 1377ஆம் ஆண்டிலேயே ரகூசா என்னும் கடற்கரை நகரத்தார், கொள்ளைநோய் உள்ள இடத்தினின்று வருவோரை 30 நாள் வெளியே நிறுத்திவைத்தனர். பின்னர் அது 40 நாளாக, இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லே இன்று மருத்துவ உலகில் இத்தடுப்பிற்குப் பெயராய் நிற்கின்றது. அன்று கப்பல் முழுவதையும் தடுத்தனர். இன்று ஓர் அறையைத் தடுக்கின்றனர். தடுக்கப்பட்டவன் இழந்த நாட்கள் எவர் கணக்கிற் சேர்வன என்னும் வினா மட்டும் அவ்வாறே கிடக்கின்றது.

அவ்வினாவிற்கு 2014இல் ஒரு விடை கிடைத்ததுண்டு. ‘எக்ஸ்ப்ளோரர்’ கப்பலின் உடையார், பயணிகட்குக் கட்டணத்தில் பாதியைத் திருப்பினர். மறுபயணத்திற்கு மற்றொரு பாதியளவு கழிவும் அளித்தனர். அறையில் அடைபட்டார்க்கு, அடைபட்ட நாளொன்றுக்கு ஒரு நாளாக வருங்காலப் பயணத்தில் ஈடு செய்தனர். நாளுக்கு நாள் என்னும் இவ்வளவை மிக நேரியது. அதனை அவர் அறிவித்த காலத்தைப் பற்றியே எனக்கு வருத்தம். நோய் பரவி, கப்பல் திரும்பிய பிறகு அளித்த கொடை, இரண்டாம் நாள் இரவு குமட்டலோடு படுத்திருந்தவன் காதில் விழவில்லை. அதே சொல்லைக் கப்பலேறும் முன்னரே சொல்லியிருந்தால், அவன் மறுநாட் காலை பந்திக்குச் செல்லாமல் மருத்துவனிடம் சென்றிருப்பான் என்று நம்ப இடமுண்டு. பின்னர்க் கொடுப்பது ஆறுதல். முன்னர் உறுதி கூறுவது மருந்து.

"பொய்நோய் கூறிப் பணம் பறிப்பார் மிகுவர்" என்பர் சிலர். சாளரமில்லாத அறையில் இரண்டு நாள் ரொட்டியும் சாறும் உண்டு கிடக்க விரும்பிப் பொய் சொல்வோர் தொகை அச்சம் தரத்தக்கதன்று. மருத்துவரும் அருகே இருக்கின்றார். "கட்டணம் உயரும்" என்பர் வேறு சிலர். உயரலாம். பயணத்தைப் பாதியில் முடித்து, மூவாயிரம் பேர்க்குப் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதினும், முதலில் நோயுற்ற பத்துப் பேர்க்கு நாளுக்கு நாள் ஈடு செய்தல் வணிக முறையிற் பார்ப்பினும் இலாபமே. ஊழியனுக்கும் நோய்நாட் சம்பளம் குறையாது என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதுதல் வேண்டும். பரிசில் இழப்பிற்கும் ஒரு கணக்கு வகுத்தல் அரிதன்று.

இவற்றிற் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டாத ஏற்பாடும் ஒன்றுண்டு. கப்பலேறும் வாயிலிற் கொடுக்கும் அத்தாளில், வாந்தி பேதி பற்றிய வினாவிற்குக் கீழே இன்னும் ஒரு வரி அச்சிடலாம்: ‘ஆம் என்று எழுதுவோர்க்குச் செலுத்திய பணம் இழப்பாகாது, அவர் வேண்டும் வேறு நாளிற் பயணம் செய்யலாம்.’ அவ்வரி எத்துணைப் பெரிய எழுத்தில் இருக்கின்றதோ, அத்துணை நேராக விடைகளும் வரும்.