அடுப்பில்லாச் சோறு யாருக்கு?

தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டிய டீக்கடைப் பெஞ்சில் வைத்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மேல்தட்டில் காய்கறிப் புலாவ், கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைப் பை. கோடு போட்ட அளவு வரை பச்சைத்தண்ணீரை ஊற்றி மூடியை அமுக்கியதும் உள்ளே இரைச்சல் கிளம்பியது. ஒரு நிமிடத்தில் மூடித் துளை வழியாக ஆவி வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “ஏண்ணே, கல்சுண்ணாம்பு நீத்துன வாடை அடிக்குதே?” என்றார்.

அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததும் அதுதான்: கால்சியம் ஆக்ஸைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்த தலைமுறைக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. சந்தையில் வாங்கி வந்த கல்சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பானை தானாகக் கொதிக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளைத் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டார்கள். தெறித்தால் கண் போய்விடும் என்ற பயம். காளவாசலில் வேகும்போது கல் வாங்கி வைத்துக்கொண்ட வெப்பத்தில் ஒரு பங்கை, தண்ணீர் பட்டதும் திருப்பித் தருகிறது. அந்தப் பானைச் சூட்டை ஒரு கையகலப் பைக்குள் அடக்கி, மேலே உணவுத் தட்டை வைத்து விற்கிறார்கள்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. மெக்னீசியத் தூளோடு கொஞ்சம் இரும்பும் உப்பும் கலந்து, தண்ணீர் பட்டால் சூடாகும்படி அமெரிக்க ராணுவம் 1990-களில் தன் வீரர்களுக்குக் கொடுத்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் திரியைப் பற்றவைத்தால் தானே சூடாகும் ஹெய்ன்ஸ் சூப் டின்களைக் கொண்டுபோனார்கள். ஜப்பானில் ரயில் பயணிகள் வாங்கும் சாப்பாட்டுப் பெட்டிகளில் சில, நூலை இழுத்தால் சுடுகின்றன. சீனத்தில் இது பெரிய வியாபாரம்.

பொட்டலம் எதையும் சமைப்பதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்த சோறு. அலுமினியத் தகடு ஒட்டிய பல அடுக்குப் பைக்குள் அதை அடைத்து, ஏறத்தாழ 121 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். அதனால்தான் குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. 1961-ல் மைசூரில் தொடங்கப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் இந்த முறையில் நம் ராணுவத்துக்கு உணவு செய்து, பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் தொழில்நுட்பம் கொடுத்தது. மளிகைக்கடையில் இன்று தொங்கும் உடனடி உணவுப் பைகளுக்குப் பின்னால் அந்த ஆய்வகத்தின் உழைப்பு இருக்கிறது. ஆக, சுண்ணாம்புப் பை வேலை செய்யாமல் போனாலும் சோறு சோறுதான். ஆறிய சோறாகச் சாப்பிடலாம்.

இப்போது இந்தப் பொட்டலங்களை யாரிடம் விற்கிறார்கள் என்று பாருங்கள். விளம்பரங்களில் கூடாரம், மலைமுகடு, முதுகுப்பை மாட்டிய இளைஞர். கடமலைக்குண்டு வழியாகத்தான் மயிலாடும்பாறைக்கும் வருசநாட்டுக்கும் போகவேண்டும். கோம்பைத்தொழுவுக்கு மேலே இருக்கும் சின்னச்சுருளி அருவிக்குப் போகிற கூட்டமும் இந்த வழியில்தான் வருகிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 மலைப்பாதைகளில் சின்னச்சுருளிப் பாதையும் ஒன்று, குரங்கணிப் பாதையும் ஒன்று. இனி இந்த மலைக்கு வருகிறவர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

குரங்கணி என்ற பெயரை இந்த மாவட்டத்தில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேற வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மலையிலும் மருத்துவமனையிலுமாக 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீ எப்படிப் பற்றியது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மாசி, பங்குனியில் எங்கள் மலை எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆளுயரப் புல் காய்ந்து சருகாக நிற்கும். அடிவாரத் தோட்டங்களில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அந்த நாட்களில் ஒரு பொறி போதும். மேகமலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி, 2021-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், மூட்டிய தீயை அணைக்காமல் விடுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அப்படியிருந்தும் பாறை இடுக்குகளில் மூன்று கல் அடுப்பும் கரியும் பார்த்திருக்கிறேன்.

தீ இல்லாமல் சூடு தரும் பொட்டலம் இங்கே நல்லதுதானே என்று தோன்றும். கல் கூட்டி நூடுல்ஸ் வேகவைப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பகலில் ஏறிப் பகலில் இறங்குகிறவருக்கு எதற்குச் சூடு? காலையில் கிளம்பும்போது வாழையிலையில் கட்டிய புளிச்சோறு சாயங்காலம் வரை தாங்கும். எண்ணெயும் புளியும் பார்த்துக்கொள்ளும். எலுமிச்சைச் சோறு, இட்லிப்பொடி தடவிய இட்லி, அவல், பொரிவிளங்காய் உருண்டை. வண்டி கட்டித் திருவிழாவுக்குப் போன எங்கள் பாட்டிமார் நடுவழியில் அடுப்பைத் தேடியதில்லை. இலை மட்கும், அலுமினியப் பை மட்காது. தட்டு, மூடி, பை, உறை, கரண்டி என ஒருவர் ஒருவேளைக்கு விட்டுப்போகிற குப்பை மலை ஓடையில் பல தலைமுறைக்குக் கிடக்கும். நீற்றிய சுண்ணாம்பை ஓடையில் கொட்டினால் மீன் பிழைக்காது. மூல வைகைக்கு நீர் கூட்டும் ஓடைகள் இவை. மலைப்பாதையில் அனுமதிச் சீட்டோடு கட்டுச்சோற்றையும் இங்குள்ள மகளிர் குழுக்களிடம் வாங்கிக் கொடுக்க வனத்துறை ஏற்பாடு செய்தால், அந்தப் பணமாவது ஊரில் தங்கும்.

ஆகவே, இந்தப் பொட்டலம் தேவையில்லாதவரின் முதுகுப்பையில் ஏறியிருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ரயிலில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். 500 பேர் அளவில் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இரண்டு நாள் கழித்துத்தான் முழுமையாக மீட்க முடிந்தது. ஹெலிகாப்டர் பொட்டலம் போடுவதற்கு முன்னால் அவர்களைக் காப்பாற்றியவர்கள் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் ஊரும் தண்ணீரில் நிற்கும்போது, இருந்த அரிசி பருப்பைத் திரட்டிக் கோயிலில் உலை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் புதுக்குடி பக்கத்தில் இல்லாத ஒரு நிலையத்தில் அந்த ரயில் நின்றிருந்தால்?

பேரிடரில் முதல் 2 நாள்தான் சிக்கல். மூன்றாம் நாள் சமையற்கூடம் வந்துவிடும், அண்டா வந்துவிடும். நம் ஊரில் அண்டா தூக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. விறகு நனைந்து, எரிவாயு உருளை மிதந்து, மின்சாரம் அறுந்து கிடக்கும் அந்த 48 மணி நேரத்துக்கு நாம் வைத்திருப்பது பிஸ்கட்டும் ரொட்டியும்தான். ரொட்டி தின்று வளர்ந்தவருக்கு ஆறிய உணவு பெரிய குறையில்லை. சோறு தின்கிறவருக்கு அப்படியில்லை. இது நாக்கின் பிடிவாதம் மட்டும் அல்ல. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறஆற மறுபடி இறுகுகிறது. பையில் மாதக்கணக்கில் கிடந்த சோறு உதிரி உதிரியாக, கல் போல ஆகிவிடும். 60 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது நெகிழ்ந்து பழைய பதத்துக்கு வரும். பல் போன கிழவிக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை. இரண்டு நாள் நனைந்து நடுங்கிய உடம்புக்குள் சூடாக ஒரு கவளம் இறங்குவது என்ன என்பதை நனைந்தவரிடம் கேட்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கிராம் சோற்றை 25 டிகிரியிலிருந்து 65-க்கு ஏற்ற ஏறத்தாழ 45 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீறும்போது சுமார் 1.1 கிலோஜூல் தரும். வீணாவதையும் சேர்த்து ஒருவருக்கு 80 கிராம் வைத்துக்கொள்வோம். ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிய 500 பேருக்கு ஒருவேளைக்கு 40 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்கும் குறைவு. இன்னொன்று, சூடாக்கும் பைக்கு ஊற்றும் தண்ணீர் உணவைத் தொடுவதே இல்லை. குடிக்க உதவாத வெள்ளத்தண்ணீரே போதும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை என்று தவிக்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி! அந்தச் சூட்டை நம்பிக் குடிநீரைக் காய்ச்சிச் சுத்தம் செய்ய மட்டும் முயலக்கூடாது. அதற்கு அது காணாது.

இந்தப் பொட்டலத்தை ரயிலில் வைக்க வேறொரு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்தவர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளைதான் காரணம். நெடும்பயணத்தில் மனிதர்கள் சூட்டைத் தேடுவார்கள்; வழி கொடுக்காவிட்டால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இதற்காகப் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் முடியாது. மெக்னீசிய வகை நீரோடு சேர்ந்ததும் ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய கூடாரத்திலோ எரியும் விளக்கின் அருகிலோ வைத்தால் விபரீதம். சுண்ணாம்பு மட்டும் உள்ள வகையில் அந்த வாயு இல்லை. ஆனால் ஆவித் துளை அடைபட்டால் வெடித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஈரக்காற்றில் உறை கசிந்தால் சுண்ணாம்பு தானே நீறி, வேண்டிய நாளில் செத்துக் கிடக்கும். ஹெலிகாப்டரிலிருந்து எறிந்த பொட்டலம் வெள்ளத்தில் விழுந்து உறை கிழிந்தால் அங்கேயே சுடத் தொடங்கிவிடும். விலையும் அதிகம், ஒரு பொட்டலத்தின் காசுக்குச் சிறு குடும்பத்துக்கு ஒருவேளைச் சமையல் முடிந்துவிடும். ஆகவே இது எல்லோருக்கும் அல்ல, எல்லா நாளும் அல்ல. 2 நாள் கணக்கு. குழந்தை, கிழவி, பிள்ளை பெற்றவள், நோயாளி ஆகியோருக்கு முதலில்.

எங்கே வைப்பது? மேகமலைக் காட்டுக்குள் அரசரடி, வெள்ளிமலை, பொம்முராஜபுரம், இந்திரா நகர் போன்ற ஊர்களுக்குப் போகிற வழியை ஜீப் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். மழை வலுத்தால் ஓடை குறுக்கே வரும், பாறை சரியும், ஜீப் நிற்கும். மூல வைகை பெருகினால் கீழேயும் தரைப்பாலங்கள் முழுகும். அங்கே வெள்ளம் வந்தபின் எதையும் கொண்டுபோக முடியாது. வருவதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு மலையூரிலும் அங்கன்வாடியிலோ ரேஷன் கடையிலோ பூட்டிய தகரப்பெட்டி ஒன்று. கடமலைக்குண்டில் ஒன்றியத்துக்கான இருப்பு. கரையோர ரயில் நிலையங்களிலும் அப்படியே.

பொருளை வெளியிலிருந்து வாங்கவும் வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துப் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். நனைந்த நெல்லைக் காப்பாற்றும் வழி தேடிய ஆய்வு மையமாகத் தொடங்கி வளர்ந்த தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சாவூரில் இருக்கிறது. புலாவுக்குப் பதிலாகப் பருப்புச்சோறு, சாம்பார்சோறு, குழந்தைக்குக் குழைந்த பொங்கல் என்று அவர்களால் பதம் பிடிக்க முடியும். அட்டையில் ஆங்கிலத்துக்கு முன்னால் தமிழும், எழுத்தறியாதவருக்கு நான்கு படங்களும் போடவேண்டும். டீக்கடைக்காரர் வாடையை வைத்தே கண்டுபிடித்த ஆபத்தை இன்றைய பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

காலாவதியாகும் இருப்பைக் குப்பையில் போடவும் தேவையில்லை. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பு ஒரு நாள், பழைய பெட்டியைப் பிரித்து ஊர்க்காரர்கள் கையாலேயே சூடாக்கிச் சாப்பிடச் சொல்லலாம். எந்தக் கோடு வரை தண்ணீர், எந்தப் பக்கம் துளை, எவ்வளவு நேரம் தொடக்கூடாது என்பதெல்லாம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வெற்றுப் பைகளை எண்ணிச் சாக்கில் கட்டி, புதுப்பெட்டி ஏற்றிவந்த ஜீப்பிலேயே கடமலைக்குண்டுக்கு இறக்கிவிட வேண்டும்.